தொலைதூரக் காதல் படம் எடுத்து 57 லட்சம் போன கதை

இரண்டு நடிகர்கள், இரண்டு அறைகள், இரண்டு செல்போன்கள். பையன் சென்னையில், பெண் டொராண்டோவில். போனிலேயே சிரித்து, போனிலேயே சண்டை போட்டு, கடைசியில் சேரும் ஒரு கலகலப்பான காதல் படம். இதைவிடச் செலவு குறைந்த கதை தமிழில் எடுக்கவே முடியாது என்று என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. பைனான்சியர் கதையைக் கேட்டு முடித்ததும், "தம்பி, ரெண்டு ரூம்ல முடியுற கதை. கண்ண மூடிட்டு ஆரம்பிங்க" என்றார். நானும் உதவி இயக்குநர், இணை இயக்குநர் என்று பல வருடம் ஓடியவன். பட்ஜெட் போடத் தெரியாதவன் இல்லை. ஃபர்ஸ்ட் காப்பிக்கு, அதாவது படம் திரையிடத் தயாராகும் வரைக்கும், 38 லட்சம் என்று கணக்குப் போட்டேன். ரிலீஸ் வரைக்கும் சேர்த்து ஆனது 71 லட்சம். திரும்பி வந்தது 14. இரண்டரை வருடம் இதிலேயே போனது. இதே மாதிரி "போன்லயே நடக்குற லவ் ஸ்டோரி சார், சின்ன பட்ஜெட்" என்று இப்போதும் இளைஞர்கள் வந்து கதை சொல்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் மொத்தமாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

கதை என் வீட்டிலிருந்து வந்தது. என் மனைவி மஸ்கட்டில் நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து பாதி வாழ்க்கை வீடியோ காலில்தான். அங்கே நைட் டியூட்டி முடிந்து அவள் பேச வரும்போது நான் ஏதாவது ஒரு ஷூட்டிங்கில் கிளாப் அடித்துக்கொண்டிருப்பேன். சிக்னல் போய் முகம் அஷ்டகோணலாக உறைந்து நிற்கும்போதுதான் முக்கியமான விஷயம் எதையாவது சொல்லியிருப்பாள். இதையெல்லாம் எழுதினால் நன்றாகச் சிரிக்கலாம் என்று தோன்றியது, எழுதினேன். மஸ்கட்டுக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், அதில் பெரிய நகைச்சுவை இல்லை என்று பெண்ணை டொராண்டோவுக்கு அனுப்பினேன். இந்த ஒரு மாற்றத்துக்கு எவ்வளவு காசு போனது என்று கீழே வரும். பணம் எங்கள் சேமிப்பு கொஞ்சம், மச்சான் கொடுத்தது கொஞ்சம், பைனான்சியரிடம் 25 லட்சம், மூன்று வட்டிக்கு. மாதம் 75,000. படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், நடிகர் வந்தாலும் வராவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். சின்னப் படத்தில் தாமதம் என்பது முதலில் வட்டியாகத்தான் கையைக் கடிக்கும். பட்ஜெட் எழுதும்போது நீங்கள் நினைக்கும் காலத்தை இரண்டால் பெருக்கி, அந்த வட்டியையும் முதலிலேயே செலவில் எழுதிவிடுங்கள். அப்படி எழுதிப் பார்த்தபின் படம் எடுக்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள்.

முதலில் திரைக்கதை. தொலைதூரக் காதல் படங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு திரும்பப் பாருங்கள். நாயகனும் நாயகியும் ஒரே இடத்தில் இருக்கும் காட்சிகளை மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். நான் எடிட்டிங்குக்கு வந்தபிறகுதான் இதைச் செய்தேன், கதை எழுதும்போதே செய்ய வேண்டிய வேலை. 2010-இல் வந்த 'கோயிங் தி டிஸ்டன்ஸ்' படத்தில் ட்ரூ பேரிமோர் ஒரு ஓரம், ஜஸ்டின் லாங் இன்னொரு ஓரம், சான்பிரான்சிஸ்கோவும் நியூயார்க்கும். ஆனால் அவர்கள் முதலில் நியூயார்க்கில் சந்தித்து, ஒன்றாகச் சுற்றி, நமக்குப் பழகிப்போன பிறகுதான் பிரிகிறார்கள். பிரிந்த பிறகும் காசு சேர்த்து விமானம் ஏறி வந்து வந்து பார்த்துக்கொள்கிறார்கள். விமான டிக்கெட்டின் விலையே கதையில் ஒரு வில்லன். 1993-இல் வந்த 'ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்' நேர் எதிர்: டாம் ஹாங்ஸும் மெக் ரயானும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில்தான் ஒழுங்காகச் சந்திக்கிறார்கள். அதைத் தாங்குவது அந்தச் சின்னப் பையனும் வானொலி நிகழ்ச்சியும். நம் ஊரில் 1996-இல் வந்த 'காதல் கோட்டை'யில் அகத்தியன் செய்தது இன்னும் கெட்டிக்காரத்தனம். கடிதத்தில் காதலிக்கிற இருவரும் யாரென்று தெரியாமலே சென்னையில் எதிரெதிரே வருகிறார்கள், அவன் ஓட்டும் ஆட்டோவிலேயே அவள் ஏறுகிறாள். அவர்கள் பார்த்துக்கொள்ளவில்லை, நாம் பார்த்துவிட்டோம். இரண்டு முகமும் ஒரே பிரேமில் இருக்கிறது, கதைப்படி சந்திப்பும் நடக்கவில்லை. என் கதையில் இடைவேளைக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு இருவரும் ஒரே பிரேமில் இல்லை. படிக்கும்போது வசனம் தூக்கி நிறுத்தியது. திரையில் பார்க்கும்போது ஒரு அறை, இன்னொரு அறை, மறுபடி அந்த அறை. எடிட்டர் கையைக் கட்டிக்கொண்டு, "சார், ரெண்டு படம் தனித்தனியா எடுத்துட்டீங்க" என்றார். பிறகு பேச் ஒர்க்காக, அதாவது விட்டுப்போனதை நிரப்பும் கூடுதல் படப்பிடிப்பாக, ஒரு கனவுக் காட்சியும் ஒரு பழைய நினைவுக் காட்சியும் எடுத்து ஒட்டினோம். 4 லட்சம். பேப்பரில் எழுதியிருந்தால் நாலு தாள்.

இப்போது வீடியோ கால். இதைப் பற்றி எனக்கு யாருமே எதுவுமே சொல்லவில்லை. நான் வேலை பார்த்த பெரிய படங்களில் ஒன்றிரண்டு காட்சிதான் இப்படி வரும், அதை யாரோ கிராபிக்ஸில் பார்த்துக்கொள்வார்கள். படம் முழுக்க வீடியோ கால் என்றால் நிலைமை வேறு. மூன்று வழி இருக்கிறது. முதல் வழி, போனில் பச்சைத் திரையை வைத்துவிட்டு எதிர்த்தரப்பு வசனத்தை உதவி இயக்குநர் படிப்பது, பிறகு கிராபிக்ஸில் முகத்தைப் பொருத்துவது. முதல் ஷெட்யூலில் இதைத்தான் செய்தோம். பச்சை வெளிச்சம் நடிகர் கன்னத்திலும் மூக்குக் கண்ணாடியிலும் அடித்தது. விரல் திரைமேல் வரும் ஒவ்வொரு இடத்திலும் விரலை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். ஷாட்டுக்கு 2,000 ரூபாய் என்று பேசியது, இப்படிப்பட்ட ஷாட்டுகளுக்கு இரட்டிப்பானது. எங்கள் படத்தில் 300-க்கு மேல். பச்சை வேண்டவே வேண்டாம். மங்கலான சாம்பல் நிறப் படம் ஒன்றை ஓரங்களில் சின்னப் புள்ளிகளோடு போனில் வைத்தால் போதும் என்று கிராபிக்ஸ் பையன் பின்னால் சொன்னான். அந்தப் பையனை ஷூட்டிங்குக்கு முன்பே ஒருநாள் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது வழி, ஒரு பக்கத்தை முதலில் எடுத்து, அதைப் போனில் ஓடவிட்டு மறுபக்கத்தை எடுப்பது. அழுகைக் காட்சிக்கு இது ஓடும். சிரிப்புக்கு ஓடாது. பையன் ஒரு வசனத்தை அரை விநாடி தள்ளிச் சொன்னால் பெண் இன்னும் கொஞ்சம் பொறுத்துச் சிரிக்க வேண்டும். ஏற்கெனவே பதிவான முகம் பொறுக்காது. இரண்டு பேரும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசுவதில்தானே காதலர் சண்டையின் நகைச்சுவையே இருக்கிறது. மூன்றாவது வழி, இருவரையும் ஒரே வீட்டில் கீழ்தளத்திலும் மாடியிலும் உட்கார வைத்து, இரண்டு கேமரா, இரண்டு லைட்டிங் செட்டப், உண்மையான வீடியோ காலிலேயே நடிக்க வைப்பது. இன்டர்நெட் வழியாகப் போனால் பேச்சு தாமதமாகும், அதனால் வீட்டுக்குள்ளேயே வைஃபையில் இணைத்தோம். கேமரா யூனிட் இரண்டு என்பதால் அன்றன்றைய பேட்டாவும் (ஆட்களின் தினப்படி) வாடகையும் ஒன்றரை மடங்கு. ஆனால் படத்தில் ஜனங்கள் சிரித்த இடங்கள் எல்லாமே இப்படி எடுத்தவைதான். பணம் இல்லாவிட்டால் காட்சிகளைக் குறையுங்கள், இந்த முறையைக் கைவிடாதீர்கள்.

ஒளிப்பதிவாளருக்கும் ஒரு வார்த்தை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலான போன் திரை 60. விநாடிக்கு 24 பிரேமில் எடுக்கும்போது சுவரில் இருக்கும் டியூப்லைட் துடிக்காமல் இருக்க, கேமரா ஒளி வாங்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டரை 172.8 டிகிரிக்கு வைத்தால் போன் திரையில் பட்டை பட்டையாக ஓடும். போனுக்காக 144 வைத்தால் டியூப்லைட் துடிக்கும். அறையில் இருந்த சாதாரண விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, துடிக்காத எல்.இ.டி. விளக்குகளை வாடகைக்கு எடுத்த பிறகுதான் தீர்ந்தது. அது தெரிவதற்குள் ஒரு முழு கால்ஷீட் போய்விட்டது. உங்கள் கதையில் வரப்போகும் அதே போனை, அதே அறையில், அதே கேமராவில் முன்கூட்டியே எடுத்துப் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். போன் வெளிச்சம் முகத்தில் போதுமான அளவு விழாது, அதற்குப் பின்னால் கையளவு விளக்கு ஒன்று வைக்க வேண்டும். அப்புறம் போனில் தெரியும் ஆப்பின் லோகோ, அழைப்பு மணிச் சத்தம் எல்லாம் யாரோ ஒருவருடைய சொத்து. நாங்களே ஒரு போலி ஆப் திரையை வடிவமைத்துக்கொண்டோம், மணிச் சத்தத்தை இசையமைப்பாளர் போட்டுக் கொடுத்தார். இந்த ஒன்று மட்டும் ஆரம்பத்திலேயே சரியாக அமைந்தது.

டொராண்டோவை வளசரவாக்கத்தில் எடுத்தோம். வாடகை வீடு, சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டி, அதன்மேல் விளக்கடித்தால் பனிக்காலக் காலைப்பொழுது. மே மாதம். நாயகி கம்பளித் தொப்பியும் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு, கேமராவில் தெரியாத இடத்தில் கழுத்துக்குப் பின்னால் ஐஸ் வைத்த துண்டைச் சுற்றிக்கொண்டு, "இங்க குளிர் உயிர் போகுதுடா" என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் மேக்கப் வழிந்தது. அந்தப் பெண் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. அவளுக்காகவே படம் ஓடியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

ஆர்ட் டைரக்டர் நம் ஊர் பிளக் பாயின்ட்டுகளை எல்லாம் படம் மாட்டி மறைத்தார். தப்பியது சுவிட்ச். நம் ஊரில் சுவிட்சைக் கீழே தள்ளினால் விளக்கு எரியும், கனடாவில் மேலே தள்ளினால்தான் எரியும். நாயகி அறைக்குள் வந்து சுவிட்சைக் கீழே தட்டுகிறாள், விளக்கு எரிகிறது. படத்தைப் பார்த்த, டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதித் தமிழர் ஒருவர் அந்த இடத்தை மட்டும் நிறுத்திப் படமெடுத்து எனக்கு அனுப்பி, "தம்பி, இது எந்த ஊர்?" என்று கேட்டிருந்தார். நேர வித்தியாசத்தையும் அவரே பிடித்தார். குளிர்காலத்தில் சென்னையில் இரவு எட்டு என்றால் டொராண்டோவில் காலை ஒன்பதரை. மார்ச்சில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திவிடுவார்கள், அப்போது பத்தரை. நவம்பரில் திரும்பப் பின்னால். என் கதை அக்டோபரில் ஆரம்பித்து ஏப்ரலில் முடிகிறது, எங்கள் நாயகனுக்கோ முழுப் படத்திலும் "அங்க இப்ப காலைல ஒன்பதரை"தான். வெளியூர்த் தமிழர்கள் இந்த மாதிரிப் படத்துக்கு முதல் பார்வையாளர்கள். அவர்கள் தினமும் வாழ்கிற விஷயம் இது. அந்த ஊரில் இருக்கும் ஒருவரிடம் திரைக்கதையையும், எடுத்த காட்சிகளையும் காட்டி ஒரு மாலை முழுக்கத் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள், செலவில்லாத வேலை.

வெளிப்புறக் காட்சிகளுக்கு அங்கிருக்கும் நண்பர் ஒருவரிடம் தெருவையும் டிராமையும் எடுத்து அனுப்பச் சொன்னேன். அழகாக எடுத்தார். ஆனால் வியாபாரப் படத்துக்காக அங்கே பொது இடத்தில் எடுக்க நகராட்சி அனுமதி வேண்டும், போக்குவரத்துக் கழகத்துக்குத் தனி அனுமதி வேண்டும், அடையாளம் தெரியும் முகங்களுக்குக் கையெழுத்து வேண்டும் என்று பின்னால் வாங்க வந்த ஓ.டி.டி. ஆட்கள் கேட்டார்கள். அத்தனையையும் எடுத்துவிட்டுக் காசு கொடுத்து ஸ்டாக் காட்சிகள், அதாவது ஏற்கெனவே எடுத்து விற்பனைக்கு வைத்திருப்பவை, வாங்கினேன். அதிலும் செய்திக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று ஒரு வகை இருக்கிறது, அது சினிமாவுக்கு ஆகாது. உரிமத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நடிகர்கள் விஷயம். "ரெண்டு பேரும் ஒரே நாள்ல வர வேண்டியதில்லையே, டேட்ஸ் பிரச்சினையே வராது" என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே சொன்ன மூன்றாவது வழிக்கு மாறியதும் இருவருமே ஒரே நாளில் வேண்டும். அதற்குள் நாயகனுக்கு ஒரு பெரிய படத்தில் தம்பி வேடம் கிடைத்தது, தாடி வளர்க்கச் சொல்லிவிட்டார்கள். அவன் கேட்டது நியாயம்தான், அவனுக்கும் பிழைப்பு. மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். திரும்பி வந்தவனிடம் "பொண்டாட்டி மாதிரி காத்திருந்தேன்டா" என்றேன், சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒப்பந்தத்தில் சம்பளத்தையும் மொத்த நாளையும் மட்டும் எழுதாதீர்கள். தோற்றத்தை எப்போது வரை மாற்றக் கூடாது, பேச் ஒர்க்குக்கு எத்தனை நாள், டப்பிங் எப்போது, புரமோஷனுக்கு எத்தனை நாள் என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். சம்பளத்தின் ஒரு பகுதியை டப்பிங் முடிந்த பிறகு என்று வையுங்கள். சின்ன நடிகர்களிடம் இப்படியெல்லாம் கேட்பது கூச்சமாகத்தான் இருக்கும்.

சென்சாரில் எனக்கு வலித்தது நாய். நாயகி வீட்டில் ஒரு நாய். வீடியோ காலில் நாயகன் குரல் கேட்டதும் அது எழுந்து போனைச் சுற்றி வாலாட்டி, திரையை நக்கி, தவறுதலாக அழைப்பைத் துண்டித்துவிடும். யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்த காட்சி. விலங்கு வந்தால் எடுப்பதற்கு முன்பே விலங்குகள் நல வாரியத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், எடுத்த பிறகு அவர்களிடம் தடையில்லாச் சான்று வாங்கித்தான் சென்சாரில் காட்ட வேண்டும். முன்பு திருவான்மியூரில் இருந்த வாரியம் 2018-இல் ஹரியானாவுக்குப் போய்விட்டது, இங்கே நேரில் போய்க் கேட்க ஆள் இல்லை. வீட்டு நாய், அதன் சொந்தக்காரரே பக்கத்தில் இருந்தார் என்பதெல்லாம் செல்லாது. தயாரிப்பு நிர்வாகி "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றார். பார்த்துக்கொள்ள முடியவில்லை. நாய் வரும் காட்சி முழுவதும் போய், குரைக்கும் சத்தம் மட்டும் மிஞ்சியது. "பாத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி, எந்தப் பேப்பர், யார் தருவார்கள், எப்போது என்று கேளுங்கள்.

சிகரெட்டும் இப்படித்தான். மொட்டைமாடியில் நண்பன் ஒருவன் ஒரே ஒரு ஷாட்டில் பற்ற வைக்கிறான். அதற்காகப் படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் புகையிலை எச்சரிக்கைப் படங்கள், காட்சியில் வாசகம் எல்லாம் போட வேண்டும். காதல் நகைச்சுவைப் படம் புற்றுநோய் விளம்பரத்தோடு ஆரம்பிக்க வேண்டுமா என்று அந்த ஷாட்டைத் தூக்கிவிட்டோம். நாயகன் தூங்கப்போகும் முன் அவளுக்காக ஒரு பழைய பாட்டில் இரண்டு வரி முணுமுணுப்பான். பாட்டை ஒலிக்கவிடவில்லை, வாயால்தானே பாடினான் என்று நினைக்காதீர்கள். ஒலிப்பதிவின் உரிமை ஒரு பக்கம், மெட்டும் வரியும் இன்னொரு பக்கம். முணுமுணுப்புக்கும் பின்னதற்கு அனுமதி வேண்டும். உரிமை வைத்திருந்தவர்கள் சொன்ன தொகையில் எங்கள் இசையமைப்பாளரிடம் இன்னொரு பாட்டே வாங்கலாம். டப்பிங்கில் சொந்தமாக ஒரு மெட்டை முனகவைத்தோம், உதடு பொருந்தாது. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். எங்களுக்கு 13+ கொடுத்தார்கள், அதில் எந்த வருத்தமும் இல்லை.

கையில் பணம் தீர்ந்தது மிக்ஸிங் நடக்கும்போது. போஸ்ட் புரொடக்ஷன் செய்த இடத்தில் பாக்கியைக் கட்டினால்தான் தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதியான டி.சி.பி. என்றார்கள், அவர்கள் தொழிலுக்கே அதுதான் வழக்கம். மனைவி ஊருக்கு வந்திருந்தபோது பீரோவைத் திறந்து நகையை எடுத்து வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அடகுக்கடையில் எடை போடும்போது மட்டும் "அந்தச் சின்ன வளையல் எங்கம்மாவோடது, அத மட்டும் திருப்பிடுங்க" என்றாள். அது போன பொங்கலுக்கு மீட்கப்பட்டது, மற்றது இன்னும் இல்லை.

ரிலீஸ் என்பது இன்னொரு படம் எடுப்பது. இதை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் எதற்குக் காசு என்று பிரித்துச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு திரைக்கும் டிஜிட்டல் ஒளிபரப்புக் கட்டணம் கட்ட வேண்டும். 2018 மார்ச்சில் தமிழ்த் தயாரிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் முக்கியமான பிரச்சினையே இந்தக் கட்டணம்தான். போஸ்டர், ஒட்டுக் கூலி, டிரெய்லருக்கு விளம்பரம், பத்திரிகையாளர் காட்சி, அப்புறம் விநியோகஸ்தருக்குக் கமிஷன். டிக்கெட் விலையில் ஜி.எஸ்.டி., உள்ளாட்சிக் கேளிக்கை வரி போய், மீதியில் ஏறக்குறைய பாதி தியேட்டருக்குப் போய், அதற்குப் பிறகுதான் நமக்கு ஷேர் என்று ஒன்று வரும். 60 திரை என்றார்கள். அதே வெள்ளிக்கிழமைக்கு ஒரு பெரிய படம் தேதி மாற்றி வந்து நின்றது. எங்களுக்குக் கிடைத்தது 23, அதிலும் பெரும்பாலும் காலைக் காட்சி. காலை பத்தே காலுக்குக் காதல் படம் பார்க்கக் காதலர்கள் வருவார்கள் என்பது ஒரு நம்பிக்கை. ஒரு ஊரில் படத்தைத் திறக்கும் கே.டி.எம். சாவி நேரத்துக்குப் போய்ச் சேராமல் முதல் காட்சியே ரத்து.

ரிலீஸுக்கு முந்தைய இரவு நான் தூங்கவில்லை. புக்கிங் ஆப்பில் ஒவ்வொரு தியேட்டராகத் திறந்து இருக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வடபழனியில் ஒரு அரங்கில் மட்டும், எல்லாக் காட்சியிலும், கடைசி வரிசையில் நாலு இருக்கை விற்றிருந்தது. சனிக்கிழமையும் அதே நாலு. யாரோ ரசிகர் கூட்டம் போல என்று யூனிட் குரூப்பில் போட்டேன். மஸ்கட்டிலிருந்து என் மனைவி காட்சி ரத்தாகிவிடக் கூடாது என்று வாங்கிக்கொண்டிருந்தாள் என்பது அவள் கார்டு பில் வந்தபோதுதான் தெரியும். கேட்டதற்கு, "எப்படியும் நம்ம காசு, கொஞ்சமாவது நமக்கே திரும்பி வரும்ல" என்றாள். வரி, தியேட்டர், கமிஷன் கணக்கெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் இந்தப் படத்தை வைத்து முதன்முதலாக வயிறு வலிக்கச் சிரித்தோம்.

தியேட்டர் ஷேர் இரண்டு லட்சத்தைச் சொச்சம். பாட்டு உரிமைக்கு ஒரு கம்பெனி மூன்று லட்சம் கொடுத்திருந்தது, ஒரு சிறிய சேனல் தொலைக்காட்சி உரிமையை எட்டு லட்சத்துக்கு வாங்கியது, மிச்சம் சில்லறை. ஓ.டி.டி.யில் பெரிய இடங்கள் எதுவும் நேரடியாக வாங்கவில்லை. தியேட்டரில் எப்படிப் போனது என்று பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள், பேசினாலும் பார்க்கிற நிமிடத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான். 'ஓ.டி.டி.யில கவர் பண்ணிடலாம்' என்ற ஒரு வரியை உங்கள் பட்ஜெட் தாளிலிருந்து அடித்துவிடுங்கள். கையில் கையெழுத்தான ஒப்பந்தம் இருந்தால் மட்டும் எழுதுங்கள். நடுவில் நிற்கும் ஏஜென்ட்டுகள் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் 50,000 கொடுத்தேன், அந்த எண் இப்போது எடுப்பதில்லை.

எல்லா உரிமையையும் ஒரே பேப்பரில் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது மட்டும் இப்போது உதவுகிறது. பாட்டு தனி, தமிழ்த் தொலைக்காட்சி தனி, டிஜிட்டல் தனி, பிற மொழி டப்பிங் தனி, ரீமேக் தனி. சின்னப் படத்துக்கு வருகிற முதல் ஆள் 'நெகட்டிவ் ரைட்ஸோட மொத்தமா கொடுத்துடுங்க' என்பார், அதாவது படமே அவருடையதாகிவிடும், அப்போது நமக்குப் பணம் தேவையாகவும் இருக்கும். பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான், ஆனால் பைனான்சியரிடம் போய் 'இன்னும் இது இருக்கிறது' என்று காட்டவாவது ஏதாவது மிஞ்சும். இந்தி டப்பிங்குக்கு இப்போது ஒருவர் வந்திருக்கிறார், மூன்று லட்சம் என்கிறார். அவர் அனுப்பிய ஒப்பந்தத்தில் உரிமைக் காலம் நிரந்தரம் என்று இருந்தது. ஏழு வருடம் என்று திருத்தி, பணம் முழுவதும் வந்த பிறகே காப்பி என்று ஒரு வரியும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டு வாரமாகப் பதில் இல்லை, வட்டி மட்டும் ஓடுகிறது.